திரும்பி வரும் விடைத்தாள்: அஞ்சல் உறை முதல் இணைய வகுப்பு வரை

உயர்கல்வியில் இணையவழிக் கற்றலின் நன்மை தீமைகளைப் பேசும் கட்டுரைகள் பெரும்பாலும் 2020 மார்ச்சிலிருந்துதான் தொடங்குகின்றன. பெருந்தொற்று வந்தது, கல்லூரிகளை மூடினார்கள், வகுப்புகள் கைப்பேசிக்கு மாறின என்பதோடு அவற்றின் வரலாறு முடிந்துவிடுகிறது. இந்தத் தொடக்கப் புள்ளி ஆய்வுக்கு உதவாது. ஆசிரியரும் மாணவரும் ஒரே அறையில் இல்லாமல் பாடம் நடத்தும் முயற்சிக்கு ஏறத்தாழ 180 ஆண்டு வயது. பாடத்தை மாணவரிடம் கொண்டுசேர்க்கும் சிக்கலைத் தபால், வானொலி, தொலைக்காட்சி, செயற்கைக்கோள், இணையம் என ஒவ்வொன்றும் முன்னதைவிட மலிவாகத் தீர்த்தது. மாணவர் எழுதியதை வாங்கிப் படித்து, பிழை சுட்டித் திருப்பி அனுப்பும் வேலை மட்டும் மலிவாகவில்லை. தொலைவிலிருந்து கற்பித்த ஏற்பாடுகளில் எது நிலைத்தது, எது நொடித்தது என்பதை, இந்த இரண்டாவது வேலைக்கு யார் செலவு செய்தார்கள் என்பதே பெரிதும் தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

1840-இல் இங்கிலாந்தில் ஒரு பென்னி தபால் முறை வந்ததும், ஐசக் பிட்மன் சுருக்கெழுத்தைத் தபாலில் கற்பிக்கத் தொடங்கினார். மாணவர்கள் சுருக்கெழுத்தில் எழுதி அனுப்புவார்கள். அது திருத்தப்பட்டு அவர்களிடமே திரும்பும். அதாவது தொலைநிலைக் கல்வி பிறக்கும்போதே இருவழிப் போக்குவரத்தாகத்தான் பிறந்தது. 1858-இல் லண்டன் பல்கலைக்கழகம் தன் பட்டத் தேர்வுகளை வெளியாருக்குத் திறந்துவிட்டது வேறு வகை. அங்கே தேர்வு உண்டு, கற்பித்தல் இல்லை. அந்தப் பள்ளத்தை உள்ளூரில் யாராவது நிரப்ப வேண்டியிருந்தது. இலங்கையில் 1921-இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி செய்தது அதைத்தான். 1942-இல் இலங்கைப் பல்கலைக்கழகம் அமையும்வரை தேர்வும் பட்டமும் லண்டனுடையவை, வகுப்பறை கொழும்பினுடையது. 1969-இல் நிறுவப்பட்டு 1971 ஜனவரியில் சுமார் 24,000 மாணவர்களோடு பாடம் தொடங்கிய பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் கற்பித்தல், தேர்வு இரண்டையும் ஒன்றாக்கியது. பிபிசி ஒளிபரப்பால்தான் அது புகழ்பெற்றது. ஆனால் அதன் முதுகெலும்பு, ஊர் ஊராக அமர்த்தப்பட்ட பகுதிநேர ஆசிரியர்களும் அவர்கள் திருத்திய ஒப்படைப்புகளும்தான். நுழைவுத் தகுதி கேட்காத ஒரு பல்கலைக்கழகம் தன் பட்டத்தின் மதிப்பைக் காத்துக்கொண்டதற்கு இதுவே முக்கியக் காரணம் என்பேன்.

இந்தியா இந்த முறையை எடுத்துக்கொண்டபோது எதை விட்டுவிட்டது என்பது கவனிக்கத்தக்கது. டி. எஸ். கோத்தாரி தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 1962-இல் டெல்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரை, அண்ணாமலை, சென்னைப் பல்கலைக்கழகங்கள் 1970-களிலும் 1980-களின் தொடக்கத்திலும் பின்தொடர்ந்தன. கல்லூரியில் இடம் கிடைக்காதவர்கள், வேலைக்குப் போய்விட்டவர்கள், திருமணத்தோடு படிப்பு நின்றுபோன பெண்கள் எனப் பல்லாயிரம் பேருக்கு அதுவே பட்டத்துக்கான ஒரே வழி. ‘கரஸ்ல படிச்சது’ என்று ஊரில் இளக்காரமாகச் சொன்னாலும், ஓர் அரசு ஊழியரின் பதவி உயர்வு அந்தப் பட்டத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. இந்த நன்மையைக் குறைத்து மதிப்பிடுவது வசதியுள்ளவர்களின் பழக்கம். ஆனால் அந்த அஞ்சல் உறையில் வந்தவை பாட நூல்கள் மட்டுமே. சனி, ஞாயிறுகளில் சில நேர்முக வகுப்புகள், ஆண்டு இறுதியில் ஒரு தேர்வு; இடையில் மாணவர் எழுதிப் பார்த்ததைப் படிக்க ஆள் இருப்பது அரிது. ஆயிரம் பேருக்கு அச்சிட்ட பாடத்தைப் பத்தாயிரம் பேருக்கு அச்சிட்டால் தலைக்கு ஆகும் செலவு குறையும், விடைத்தாள் திருத்தும் செலவோ அப்படிக் குறையாது. ஆகவே குறையாத செலவு கைவிடப்பட்டது. அஞ்சல்வழித் துறை பல்கலைக்கழகங்களின் வருவாய்த் துறையானது. 1985-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் பிறந்த இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், ஒப்படைப்புக்கும் மதிப்பெண் உண்டு என்று விதித்து இதைச் சரிசெய்ய முயன்றது. எல்லோரும் அந்த வழியில் போகவில்லை. சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய அனுமதியின்றித் தொலைநிலையில் வழங்கிய பொறியியல் பட்டங்கள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரில் தீர்ப்பளிக்கும் நிலை வந்தது.

ஒளிபரப்புக் காலத்தை விரைவாகவே கடந்துவிடலாம். 1984-இல் பல்கலைக்கழக மானியக் குழு தூர்தர்ஷன் வழியே நாடு தழுவிய வகுப்பறை நிகழ்ச்சியைத் தொடங்கியது. கல்விக்கென்றே எடுசாட் செயற்கைக்கோள் 2004 செப்டம்பரில் விண்ணுக்குச் சென்றது. பாடம் வானிலிருந்தே இறங்கியது, ஆனால் கேள்வி மேலே ஏறுவதற்கான வழி பெரும்பாலான மாணவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இந்தப் பின்னணியில், பொறியியல் பாடங்களைக் காணொளியாகத் தரும் என்பிடெல் திட்டத்தின் பாதை படிப்பினை மிக்கது. 1999 முதல் நடந்த ஆலோசனைகளின் விளைவாக, 2003-இல் ஏழு ஐஐடிகளும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து இதைத் தொடங்கின. அப்போது யூடியூப் இல்லை. நாடெங்கும் பொறியியல் கல்லூரிகள் புற்றீசல்போல் பெருகியிருந்தன, அவற்றுக்கேற்ற ஆசிரியர்கள் இல்லை. ஐஐடிப் பேராசிரியரின் விரிவுரையைப் பதிவுசெய்து எல்லோருக்கும் தருவது இதற்கு மருந்தாகத் தோன்றியது. பல ஆண்டுகள் அது பெரிய காணொளிக் களஞ்சியமாகவே இருந்தது. பயன்பட்டது, ஆனால் யாருக்கு எவ்வளவு புரிந்தது என்று அறிய வழியில்லை. 2014-இல் சான்றிதழ்த் தேர்வு சேர்ந்தபோதுதான் அதன் இயல்பு மாறியது. வாரந்தோறும் ஒரு ஒப்படைப்பு, அதற்குக் கெடு நாள். பன்னிரண்டு வாரப் பாடமென்றால் சிறந்த எட்டு ஒப்படைப்புகளின் சராசரிக்கு 25 விழுக்காடு, மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75 விழுக்காடு. கல்லூரிகளில் உள்ளூர்க் கிளை அமைத்து, மாணவரை விரட்டிப் படிக்கவைக்க அங்கேயே ஒரு ஆசிரியரை வழிகாட்டியாக நியமிக்கச் செய்தார்கள். காணொளி அதே காணொளிதான், அதைச் சுற்றி எழுந்த இந்த ஏற்பாடே புதிது. 2017-இல் இந்திய அரசு தொடங்கிய ‘சுயம்’ இணையப் பாடத் தளமும், அதில் பெறும் மதிப்பலகுகளைப் பட்டத்தில் சேர்த்துக்கொள்ள மானியக் குழு முதலில் 20, பின்னர் 40 விழுக்காடு வரை தந்த அனுமதியும் இந்த அடித்தளத்தின் மேல் நிற்பவை.

அமெரிக்கா இதே பாடத்தைத் தலைகீழ் வழியில் கற்றது. 2011-இல் ஸ்டான்ஃபோர்டின் செபாஸ்டியன் துருனும் பீட்டர் நார்விக்கும் நடத்திய செயற்கை நுண்ணறிவு வகுப்பில் 1,60,000 பேர் சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டே கோர்செரா, எட்எக்ஸ் எனத் தளங்கள் முளைத்தன. இனி பல்கலைக்கழகங்களே தேவைப்படாது என்ற பேச்சும் எழுந்தது. முதல் வகுப்பை முடித்தவர்கள் சுமார் 23,000 பேர்தான் என்ற தகவல் அந்த ஆரவாரத்தில் அமுங்கிப்போனது. 2013-இல் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம் துருனின் யுடாசிட்டி நிறுவனத்தோடு சேர்ந்து அடிப்படைக் கணிதப் பாடங்களை இணையத்தில் நடத்திப் பார்த்தது. தேர்ச்சி வீதம் வளாக வகுப்புகளைவிடத் தாழ்ந்ததால் அந்தக் கோடையிலேயே நிறுத்திவைத்தது. 2019-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஜஸ்டின் ரீச்சும் ஹோசே ருயிபெரெஸ்-வாலியென்டேயும் வெளியிட்ட ஆய்வு, எட்எக்ஸில் ஹார்வர்டும் எம்ஐடியும் நடத்திய பாடங்களை முடித்தோர் 2017-18-இல் ஏறத்தாழ 3 விழுக்காடுதான் என்றும், சேர்ந்தோர் பெரும்பாலும் வசதியான நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்றும் காட்டியது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இலவச வகுப்பில் சேர்பவர்கள் எல்லோரும் முடிப்பதற்காகச் சேர்வதில்லை. தேவையான இரண்டு பாடங்களைப் பார்த்துவிட்டுப் போகிறவரைத் தோற்றவராகக் கணக்கிடுவது நியாயமா? நியாயமில்லைதான். ஆனால் பட்டத்துக்காகக் கட்டணம் செலுத்திப் படிப்பவர்களிடமும் இதே போக்கு தென்படுகிறது. வாஷிங்டன் மாநிலச் சமுதாயக் கல்லூரிகளின் தரவுகளை ஆராய்ந்த டி சூவும் ஷானா ஜாகர்ஸும், இணைய வகுப்பில் எல்லாத் தரப்பினரின் அடைவும் குறைவதையும், ஏற்கெனவே மதிப்பெண் குறைந்தவர்கள், இளையோர், கறுப்பின மாணவர்கள் ஆகியோருக்கு இழப்பு மேலும் கூடுவதையும் கண்டார்கள். நன்றாகப் படிப்பவர் எப்படியும் படித்துக்கொள்கிறார். தடுமாறுபவருக்குத்தான், தடுமாறுகிறாய் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

இரண்டாவது மறுப்பு நம்மூருக்கு நெருக்கமானது. நேரடி வகுப்பில் மட்டும் என்ன வாழ்கிறது? அறுபது, எழுபது பேர் உட்கார, குறிப்பு சொல்லி எழுதவைக்கும் கல்லூரிகளில் எந்த விடைத்தாள் கருத்துடன் திரும்புகிறது? இதை மறுக்க முடியாது. ஆனாலும் அந்த மோசமான வகுப்பறையிலும் பக்கத்து இருக்கைத் தோழி, நூலகம், விடுதி, வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்கும் பதிவேடு ஆகியவை இருந்தன. 2020-இல் இவை ஒரே நாளில் மறைந்தன. 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி இந்தியாவில் கணினி இருந்த வீடுகள் 10.7 விழுக்காடு, ஊர்ப்புறத்தில் 4.4 விழுக்காடு, இணைய வசதி இருந்த ஊர்ப்புற வீடுகள் 14.9 விழுக்காடு. தமிழ்நாடு அரசு 2021-இன் தொடக்கத்தில் கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி தரவு இலவசமாகத் தந்தது. இலங்கையில் பல்கலைக்கழகத் தளங்களை மாணவர்கள் தரவுக் கட்டணமின்றி அணுக வழிசெய்யப்பட்டது. இரண்டும் தேவையான உதவிகள், இரண்டும் பாடம் போய்ச்சேரும் வழியைத்தான் சரிசெய்தன. மறுமுனையில் மாணவர் கேமராவை அணைத்துவிட்டு என்ன செய்கிறார் என்பது ஆசிரியருக்குத் தெரியாமலே இருந்தது.

அப்படியானால் இணையத்தில் பட்டம் தருவதே வீணா? இல்லை. 2014-இல் ஜார்ஜியா டெக் தொடங்கிய இணையவழிக் கணினி அறிவியல் முதுகலைப் படிப்புக்கு மொத்தக் கட்டணம் சுமார் 7,000 டாலர். அது இல்லாவிட்டால் வேறெங்கும் சேர்ந்திருக்காத, வேலையில் உள்ள நடுவயதினரே அதில் பெருமளவில் சேர்ந்தார்கள் என்று அதை ஆராய்ந்த பொருளியலாளர்கள் காட்டினார்கள். சென்னை ஐஐடி 2020-இல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப் படிப்பில் பாடம் இணையத்தில், தேர்வு நேரில்; நுழைவுத் தகுதியைக்கூட நான்கு வாரம் படிக்கவைத்துத்தான் சோதிக்கிறார்கள். வாராவாரம் ஒப்படைப்பு உண்டு, நடுவில் விலகுபவருக்கு அந்தக் கட்டத்துக்கான சான்றிதழ் உண்டு. இரண்டிலும் கட்டணம் வாங்குகிறார்கள், அதில் ஒரு பகுதி மதிப்பிடும் பணிக்குப் போகிறது.

விடைத்தாள் படிக்கும் வேலையை இனி செயற்கை நுண்ணறிவே பார்த்துக்கொள்ளும் என்பது இன்றைய எதிர்பார்ப்பு. இதற்கும் முன்னோட்டம் உண்டு. ஜார்ஜியா டெக்கில் அசோக் கோயல் நடத்திய பாடத்தில் ஒரு பருவத்துக்குச் சுமார் 10,000 கேள்விகள் குவிந்ததால், 2016-இல் ‘ஜில் வாட்சன்’ என்ற கணினி உதவியாளரை அவர் களமிறக்கினார். கெடு நாள் எது, எந்த வடிவில் அனுப்ப வேண்டும் போன்ற வழக்கமான கேள்விகளுக்கு அது நன்றாகவே பதில் சொன்னது, மனித உதவியாளர்களும் பணியில் நீடித்தார்கள். இயந்திரம் விடுவித்த நேரம் கடினமான கேள்விகளுக்குச் சென்றால் அது ஆதாயம்தான். நம் பல்கலைக்கழகங்களில் அந்த நேரம் அங்கே செல்லுமா, அல்லது அஞ்சல்வழிக் காலத்தைப்போல உதவியாளர் பணியிடங்களைக் குறைக்கும் சாக்காகுமா என்பதைச் செயலி தீர்மானிக்கப்போவதில்லை. இணையப் பட்டப் படிப்புக்கு அனுமதி கேட்கும் விண்ணப்பத்தில், எத்தனை மாணவருக்கு எத்தனை திருத்துநர், அவர்களின் ஊதியம் எந்தத் தலைப்பிலிருந்து வரும் என்ற பத்தியில் எழுதப்படும் எண்தான் தீர்மானிக்கும்.