ஈயமும் ஈமமும்

இங்கிலாந்தில் டெர்பிஷயர் மலைப்பகுதியில் ஒரு சிற்றூர் இருக்கிறது. அதன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தால் 'ஈயம்' என்று வரும். ஊர்க்காரர்கள் சொல்வதோ 'ஈம்'. தமிழ்க் காது படைத்தவனை இரண்டு ஒலிகளுமே சும்மா இருக்க விடுவதில்லை. அந்த ஊரார் தலைமுறை தலைமுறையாகத் தோண்டி எடுத்தது காரீயம். அந்த ஊர் பெயர் பெற்றதோ ஈமக் காரியங்களால்! தற்செயலான பொருத்தந்தான். ஆனாலும் பஸ்ஸில் போகும் வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு போனேன்.

ஆங்கிலக் கிராமம் எதற்குப் போனாலும் நான் தேடும் இடங்கள் இரண்டு. ஒன்று பழைய தேவாலயம். மற்றொன்று 'பப்' என்று அவர்கள் சொல்லும் மதுச்சாலை. ஞாயிற்றுக்கிழமையில் ஊர் எப்படி இருக்கும் என்று முதலாவது சொல்லும். மற்ற ஆறு நாட்களில் எப்படி இருக்கும் என்று இரண்டாவது சொல்லும். (அங்கே நான் அருந்துவது எலுமிச்சைப் பானந்தான் என்பதை வாசகர்கள் நம்பவேண்டும்.) ஈமில் இரண்டும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன.

முதலில் புனித லாரன்ஸ் தேவாலயத்துக்குப் போனேன். முற்றத்தில் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த கற்சிலுவை ஒன்று நிற்கிறது. கரடுமுரடான கல்லில் கொடியும் சுருளுமாகச் செதுக்கியிருக்கிறார்கள். அதன் அருகில் ஒரு கல்லறை. அடங்கியிருப்பவர் கேதரின் மாம்பெசன், பாதிரியாரின் மனைவி. இறந்த நாள் 1666 ஆகஸ்டு 25. இந்த ஊரின் கதை முழுவதும் அந்தத் தேதியைச் சுற்றித்தான் இருக்கிறது.

1665-ல் லண்டன் நகரைக் கொள்ளைநோய் சூறையாடிக்கொண்டிருந்தது. அங்கிருந்து ஈம் கிராமத்துத் தையற்காரர் ஒருவர் வீட்டுக்குத் துணிப்பொதி ஒன்று வந்தது. துணி ஈரமாக இருக்கவே, உதவியாளர் ஜார்ஜ் விக்கர்ஸ் அதைப் பிரித்து நெருப்பருகே உலர்த்தினார். துணியோடு தெள்ளுப்பூச்சிகளும் வந்திருந்தன என்று சொல்கிறார்கள். செப்டம்பர் 7-ஆம் தேதி விக்கர்ஸை அடக்கம் செய்தார்கள். அவரைத் தொடர்ந்து பக்கத்து வீடுகள், அடுத்த தெரு. குளிர்காலத்தில் நோய் சற்று ஓய்ந்தது. கோடை பிறந்ததும் முன்னிலும் மூர்க்கமாகத் திரும்பி வந்தது.

பாதிரியார் வில்லியம் மாம்பெசனுக்கு அப்போது முப்பது வயது ஆகவில்லை. ஊருக்குப் புதியவர். அவருக்கு முன்பு அங்கே இருந்த தாமஸ் ஸ்டான்லி, 1662-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குத் தலைவணங்க மறுத்துப் பதவி இழந்தவர். ஊராரில் பலருடைய மனம் ஸ்டான்லியிடமே இருந்தது. மாம்பெசனோ அந்தச் சட்டத்துக்கு உட்பட்டுப் பதவிக்கு வந்தவர். இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளாமலே காலம் தள்ளியிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் 1666 ஜூன் மாதத்தில் இருவரும் ஒன்றாக நின்று ஜனங்களிடம் மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொண்டார்கள். அவரவர் வீட்டுப் பிணத்தை அவரவரே வீட்டின் அருகில் புதைப்பது. தேவாலயத்தைப் பூட்டிவிட்டு, கக்லெட் டெல்ஃப் என்ற பள்ளத்தாக்கில் குடும்பம் குடும்பமாகத் தள்ளி நின்று பிரார்த்தனை செய்வது. யாரும் எல்லையைத் தாண்டிப் போகாதிருப்பது. சாட்ஸ்வொர்த் மாளிகையில் இருந்த டெவன்ஷயர் பிரபு உணவு அனுப்ப ஏற்றுக்கொண்டார்.

எல்லை மீறாமல் இருப்பது என்பது என்ன என்று, ஊருக்கு வெளியே ரைலி வயல்வெளியில் தெரிந்துகொண்டேன். அங்கே சிறு மதில் ஒன்றுக்குள் சில கல்லறைக் கற்கள் இருக்கின்றன. அந்த ஆகஸ்டு மாதத்தில் எலிசபெத் ஹன்காக் என்ற தாய், கணவனையும் ஆறு பிள்ளைகளையும் எட்டு நாட்களுக்குள் பறிகொடுத்தாள். ஏழு பேரையும் தன் கையாலேயே குழி தோண்டிப் புதைத்தாள் என்கிறார்கள். காற்று பலமாக அடித்தது. அதிக நேரம் நிற்க முடியாமல் திரும்பிவிட்டேன்.

'மைனர்ஸ் ஆர்ம்ஸ்' என்பது சுரங்கத் தொழிலாளரின் பெயர் தாங்கிய மதுச்சாலை. 1630-ல் கட்டியது. ஆகவே கொள்ளைநோய் வந்தபோது அதற்கு முப்பத்தைந்து வயது. கணப்பின் அருகே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம், "உங்கள் முன்னோர் பெரிய தியாகிகள்" என்றேன். அவர் சிரித்தார்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். வசதி படைத்தவர்கள் முன்பே வண்டி கட்டிக்கொண்டு போய்விட்டார்கள், ஐயா. பாதிரியாரும் தம் குழந்தைகளை யார்க்ஷயருக்கு அனுப்பிவிட்டார். போக இடமில்லாதவர்கள் இருந்தார்கள். கட்டிப் போட்டதால்தான் இத்தனை பேர் செத்தார்கள் என்றுகூடச் சிலர் சொல்கிறார்கள்."

எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னதில் பொய் இல்லை. பதினான்கு மாதங்களில் அந்த ஊரில் ஏறக்குறைய 260 பேர் மாண்டார்கள். நோயைப் பரப்புவது எலியும் தெள்ளுந்தான் என்றால், மனிதர்களை அடைத்து வைத்து என்ன பயன் என்ற கேள்வியும் நியாயமானதே. ஆனால் 2016-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, ஈமின் இறப்புப் பதிவேட்டைக் கணக்கிட்டுப் பார்த்து, சுமார் முக்கால் பங்கு நோய் மனிதரிடமிருந்தே மனிதருக்குத் தொற்றியது என்ற முடிவுக்கு வந்தது. அப்படியானால் அந்த எல்லை வீண் இல்லை. இதையெல்லாம் அவர்கள் அறிந்தா செய்தார்கள்? நோய்க் கிருமியையே 1894-ல்தான் ஹாங்காங்கில் யெர்சின் என்பவர் கண்டுபிடித்தார். அறியாமலே செய்தார்கள். போக இடமில்லாதவன்கூட இரவோடிரவாக ஓடியிருக்கலாம். கேதரினையும் கணவர் குழந்தைகளோடு போய்விடச் சொன்னார். அவள் போகவில்லை.

பெரியவரிடம் விடைபெற்று, ஸ்டோனி மிடில்டன் என்ற அடுத்த ஊருக்குப் புல்வெளி வழியாக நடந்தேன். ஒரு மைல் தூரம் இருக்கும். வழியில் எல்லைக்கல் கிடக்கிறது. அதன் மேல் ஆறு குழிகள். குழிகளில் காடியை ஊற்றி, அதில் காசைப் போட்டுவிட்டு ஈம்காரர்கள் விலகிப் போவார்கள். மிடில்டன்காரர்கள் வந்து ரொட்டியையும் மருந்தையும் வைத்துவிட்டுக் காசை எடுத்துப் போவார்கள். காடி நோயைக் கொல்லும் என்பது அவர்கள் நம்பிக்கை. நான் ஒரு குழிக்குள் விரலை வைத்துப் பார்த்தேன். விளிம்பு வழவழவென்று தேய்ந்திருந்தது.

மிடில்டன் தேவாலயம் எண்கோண வடிவமானது. 1759-ல் புதுப்பித்துக் கட்டியது. விசித்திரமான அழகு. உள்ளே சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். ஈம் தேவாலயத்தில் மாண்டவர்களின் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. ஆண்டுதோறும் ஆகஸ்டு கடைசி ஞாயிறன்று அவர்களுக்காகப் பிரார்த்தனை நடக்கிறது. கொள்ளைநோய் ஈமைத் தாண்டிச் சுற்றுப்புறத்து ஊர்களுக்குப் பரவவில்லை. ஆகவே மிடில்டனில் பட்டியல் எழுத வேண்டிய அவசியமே நேரவில்லை.

நடந்த துன்பத்துக்குக் கல் நாட்டலாம். நடக்காமல் போன துன்பத்துக்கு யார் கல் நாட்டுவார்கள்? பிழைத்தவர்களுக்குத் தாம் பிழைத்ததே தெரியாது. அந்த வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசி பஸ்ஸைத் தவறவிடப் பார்த்தேன்.