மடுக் கோயிற் பெருங்கூட்டமும் மரத்தடிப் பாட்டும்

மடுத் திருவிழாவுக்குப் போய்வந்தவரிடம் ஊரார் முதலிற் கேட்பது "இம்முறை எவ்வளவு சனம்?" என்பதே. ஆகஸ்ட் 15-ஆந் திகதிப் பெருநாளைப் பற்றி எழுதும் பத்திரிகைகளும் இலட்சக் கணக்கிலேதான் தொடங்குகின்றன. அங்கே யார் என்ன பாடினார்கள் என்று கேட்பாரும் இல்லை, எழுதுவாரும் இல்லை. நாம் ஒரு முறை அதைக் கேட்பதற்காகவே மடுவுக்குப் போனோம்.

போனதற்குக் காரணம் உண்டு. மன்னார்த் தீவிலும் எதிர்க்கரையான மாதோட்டத்திலும் தலைமுறை தலைமுறையாக நாடகமும் வாசகப்பாவும் பசாமும் பாடிவந்த குடும்பங்கள், ஆண்டு முழுவதும் வள்ளத்தோடும் வயலோடும் சிதறிக் கிடப்பவை. அவை ஓரிடத்திற் கூடி, நாலைந்து நாட்களுக்கு வேலை என்ற ஒன்றை மறந்து, மூன்று கல் அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இடம் மடுக் காடு. பேசாலையார் ஒரு மரத்தடி, வங்காலையார் இன்னொரு மரத்தடி என்று இறங்கிவிடுகிறார்கள். பாட்டுக் கேட்க விரும்புவோருக்கு இதைவிட நல்ல தருணம் வாய்க்காது என்று எண்ணினோம்.

முதல் நாள் ஏமாற்றமே கிடைத்தது. கோயில் முன்றிலில் நின்றால் நாற்றிசையிலிருந்தும் ஒலிபெருக்கிகள். தமிழிற் செபமாலை, சிங்களத்திற் செபமாலை, காணாமற்போன பிள்ளையின் பெயர், தண்ணீர் பவுசர் நிற்கும் இடம், புறப்படவிருக்கும் பேருந்து. கடைத்தெருவில் சுரூபமும் மெழுகுதிரியும் விற்பவர்கள் சினிமா மெட்டிலமைந்த பக்திப் பாடல்களைப் போட்டி போட்டு ஒலிக்கவிட்டிருந்தார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. இலட்சம் பேர் கூடுமிடத்தில் ஒலிபெருக்கி இல்லாமல் முடியாது. தண்ணீர் எங்கே என்று தெரியாத கூட்டத்துக்குப் பாட்டினால் ஆவது ஒன்றுமில்லை. ஆயினும் நாம் தேடி வந்தது அங்கே இல்லை.

இரண்டாம் இரவு, நண்பர் ஒருவரின் சொற்படி, விளக்கு வெளிச்சம் முடியும் எல்லையைத் தாண்டி நடந்தோம். ஒரு பாலை மரத்தின் கீழ், தறப்பாள் கட்டிய கொட்டிலின் முன், ஏழெட்டுப் பேர் வட்டமாக இருந்தனர். தீவுக் கரையைச் சேர்ந்த கடற்றொழிலாளர் குடும்பம். மத்தளம் இல்லை. முதியவர் ஒருவர் கைத்தாளத்தை ஒலி எழும்பாதபடி அடக்கித் தட்டிக்கொண்டு மூவிராசாக்கள் நாடகத்திலிருந்து ஒரு தருவைப் பாடினார். மற்றவர்கள் பிற்பாட்டை எடுத்தனர். பத்து அடி தள்ளி நின்றால் கேட்காத அளவுக் குரல். நாம் அருகிற் போனதும் பாட்டு நின்றது. "இருங்கோ தம்பிமார், இது சும்மா எங்களுக்குள்ள" என்றார் அவர். உட்கார்ந்த பின் பாட்டு மீண்டது.

"எங்களுக்குள்ள" என்ற அந்தச் சொல்லைப் பற்றியே இக்கட்டுரையில் எழுத விரும்புகிறோம். அதற்கு ஏறத்தாழ 350 ஆண்டுச் சரித்திரம் உண்டு.

மன்னாரிற் கத்தோலிக்க சமயம் இரத்தத்தோடு தொடங்கியது. 1544-இல் புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஏறத்தாழ அறுநூறு பேரை யாழ்ப்பாணத்தரசன் சங்கிலி கொல்லுவித்தான். 1560-இல் போர்த்துக்கேயர் தீவைக் கைப்பற்றிக் கோட்டை அமைத்தனர். அதன்பின் ஒரு நூற்றாண்டுக் காலம் அச்சமயம் பீரங்கியின் நிழலில் வளர்ந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1658-இல் ஒல்லாந்தர் வந்தனர், நிலைமை தலைகீழாயிற்று. கத்தோலிக்கக் குருவுக்குப் புகலிடம் கொடுப்பவனுக்கு மரண தண்டனை என்று அவ்வாண்டே பிரசித்தம் செய்தார்கள். கோயில்கள் பறிக்கப்பட்டன, குருமார் விரட்டப்பட்டனர். ஆட்சியாளரோடு சேர்ந்து வாழ முடிந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். கடலோரத்து ஏழைகளில் ஒரு பகுதியினர் பழைய வேதத்தைக் கைவிடவில்லை. ஆளும் சாதியின் சமயமாக வந்தது ஒளிந்து வாழ்வோரின் சமயமாக மாறியது இக்காலத்திலேதான்.

மரபு கூறும் செய்தி இது: 1670-இல் மாந்தையிலிருந்த மாதா சுரூபத்தை எடுத்துக்கொண்டு இருபது குடும்பங்கள் ஒல்லாந்தர் கைக்கெட்டாத வன்னிக் காட்டுக்குள் நடந்தன. இடம் இடமாக மாறி, மருத மரமும் மடுவும் இருந்த ஓரிடத்திற் குடியமர்ந்தன. மருதமடு என்ற பெயரின் பொருள் அதுவே. இன்று இலட்சங்களால் எண்ணப்படும் திருவிழாவின் முதற் கூட்டம் இருபது குடும்பங்கள். அவர்கள் உரத்த குரலிற் பாடியிருக்க முடியாது என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை.

அன்று நாட்டில் குரு இல்லை. 1687-இல் கோவையிலிருந்து, அதாவது போர்த்துக்கேயரின் கோவாவிலிருந்து, யோசேப் வாஸ் சுவாமியார் பிச்சைக்காரக் கோலத்தில் வந்து சேரும் வரை சுமார் முப்பது ஆண்டுகள் பூசை கிடையாது. நூலும் அரிது. எஞ்சியிருந்தவை நினைவும் நாவுமே. செபத்தையும் கதையையும் பாட்டாக்கி மனத்தில் வைத்திருந்தவன் எவனோ அவனே அந்த ஊரின் கோயில். வாஸ் சுவாமியாரும் அவருக்குப் பின் வந்த துறவிகளும் இந்த நிலையை ஓர் ஒழுங்காக்கினார்கள். குரு இல்லாத ஊர்களில் மூப்பர் என்பவர் சபையைப் பார்த்துக்கொண்டார். அண்ணாவி என்பவர் செபம் சொல்லிக்கொடுத்துப் பாட்டைத் தொடங்கிவைத்தார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கூத்துப் பழக்கும் ஆசானையும் நம் மக்கள் அண்ணாவியார் என்றே அழைக்கிறார்கள். சொல் பழையது, திண்ணைப் பள்ளி ஆசிரியரையும் அது குறித்தது, மட்டக்களப்புச் சைவக் கூத்தர்களும் அதனை வழங்குவர். ஆகவே கூத்து அண்ணாவி செப அண்ணாவியிலிருந்து பிறந்தான் என்று நாம் சாதிக்கவில்லை. ஆனால் செபத்தை நடத்துபவனுக்கும் நாடகத்தை நடத்துபவனுக்கும் ஒரே பெயர் போதும் என்று ஒரு சமூகம் எண்ணியது தற்செயலாகாது.

1705-இல் தலைமன்னாரில் வந்திறங்கிய யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார், தமிழையும் சிங்களத்தையும் கற்று இரு மொழியிலும் எழுதினார். கிறிஸ்துவின் பாடுகளைப் பற்றிய அவருடைய வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் இராகமிட்டு வாசிப்பதற்குரியது. எழுத்தறிந்த ஒருவர் வாசிக்க, எழுத்தறியாதவர்கள் சுற்றியிருந்து கேட்டனர். சிங்களத்தில் அவர் எழுதிய தேசன நவய என்ற நூலோடு அம்மக்களின் பசன் பாட்டு மரபு பின்னிக் கிடக்கிறது. தமிழிற் பசாம் என்பதும் சிங்களத்திற் பசன் என்பதும் பாடு என்று பொருள்படும் ஒரே போர்த்துக்கேயச் சொல்லின் இரு திரிபுகள். நாம் இருந்த மரத்தடிக்கு அடுத்த கொட்டிலில் சிலாபத்துச் சிங்களக் குடும்பம் ஒன்று தங்கியிருந்தது. எமது பக்கத்து ஆச்சி ஒருவரைப் பசாம் பாடும்படி கேட்டபோது முதலில் மறுத்துவிட்டார். "அது தபசுகாலத்துப் பாட்டு மேனே, காலமில்லாத காலத்தில வாயில எடுக்கக் கூடாது" என்றார். பிறகு, இரண்டு அடி மட்டும் என்று சொல்லிப் பத்து அடி பாடினார். ஒப்பாரிக்கும் செபத்துக்கும் இடைப்பட்ட அந்த இராகத்தைக் கேட்டுச் சிலாபத்து மூதாட்டி தம் பாயை எமது பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவருக்குத் தமிழ் தெரியாது.

இப்படி அடக்குமுறையின் கீழ் ஒடுங்கி வாழ்ந்த சமயமும் பாட்டும் நமக்கு மட்டும் உரியன அல்ல. அயர்லாந்திலும் பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஆங்கில ஆட்சியின் தண்டனைச் சட்டங்கள் கத்தோலிக்கரை ஒடுக்கின. குடியானவர்கள் மலைச் சரிவுகளிற் பாறையையே பீடமாக்கிப் பூசை கண்டனர். அவர்களுடைய நாட்டார் இசையும் அரண்மனையை நம்பி வாழவில்லை. அடுப்படியிலும் அண்டை வீட்டிலும் வாழ்ந்தது. 1951-இல் மலிங்கார் என்ற ஊரில் அந்த இசைக்கென ஒரு விழா தொடங்கப்பட்டது. ஆண்டுதோறும் நடக்கும், அவ்வப்போது ஊர் மாறும் அவ்விழாவுக்கு இன்று இலட்சக்கணக்கானோர் வருகின்றனர். ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் பெருந்தெருவில் நிற்பதில்லை என்பர். தவறணையொன்றின் பின்னறையில் ஒரு பிடிலும் ஒரு புல்லாங்குழலும் பேசிக்கொள்ளும் இடத்தைத் தேடி அவர்கள் போய்விடுகிறார்கள். கேட்பவர் தொகை குறைந்தால் வாசிப்பவர் தமக்காக வாசிப்பார். பாலை மரத்தடியில் நாம் கண்டதும் அதுவே.

1806-இல் ஆங்கில ஆட்சி கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கியது. அதன் பின்னர் மடு வெளிச்சத்துக்கு வந்தது. 1872-இல் பொஞ்சீன் மேற்றிராணியார் புதுக் கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார். 1914-இல் தலைமன்னார்ப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டு, மடு வீதி என்றொரு நிலையமும் ஏற்பட்டது. 1924 ஜூலை 2-இல் மாதாவுக்கு முடிசூட்டினார்கள். கூண்டு வண்டியில் நாட்கணக்காக வந்தவர்கள் போக, புகையிரதத்தில் ஒரே நாளிற் பல்லாயிரவர் வந்திறங்கலாயினர். நாடகமும் வெளிச்சத்துக்கு வந்தது. விடிய விடிய இரண்டிரவு, மூன்றிரவு ஆடும் நாடகங்களும், அவற்றைச் சுருக்கி ஓரிரவுக்கு அமைத்த வாசகப்பாக்களும் ஊர்தோறும் மேடையேறின. மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என்று பாடும் முறையும் இரண்டாகப் பேசப்பட்டது.

இதில் நாம் மயங்கிவிடவும் கூடாது. சிறு வட்டம் என்பதற்காகவே அது சமத்துவ வட்டம் ஆகிவிடாது. நாடகத்தின் நாயகர்கள் யார்? எம்பரதோர், இராசா, இராசகுமாரி. கரைவலை இழுத்துத் தோள் காய்த்தவன் விடியும் வரை உரோமாபுரிச் சக்கரவர்த்தியாக நின்று பாடினான். விடிந்ததும் சம்மாட்டியிடம் முற்பணம் கேட்கப் போனான். யார் இராசா வேடம் கட்டலாம் என்பதிற் சாதியும் வசதியும் தலையிட்ட ஊர்கள் உண்டு. பெண்கள் மேடையேறவில்லை, பெண்பாத்திரத்தை ஆடவரே ஆடினர். ஆனால் பசாமும் தாலாட்டும் ஒப்பாரியும் பெண்களின் கையில் இருந்தன. மேடைக் கூத்தை எழுதியவர்களின் பெயர்கள் ஏட்டில் இருக்கின்றன. பசாமின் இராகத்தைக் காத்த ஆச்சிமாரின் பெயர் ஒன்றுகூட எந்த ஏட்டிலும் இல்லை.

1960-களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் இச்செல்வத்தின் பெறுமதியை உணர்ந்து செயற்பட்டார். மன்னார் நாட்டுப் பாடல்களும், எண்டிறீக்கு எம்பரதோர், மூவிராசாக்கள், ஞானசவுந்தரி ஆகிய நாடகங்களும் அவருடைய முயற்சியால் அச்சேறின. பல்கலைக்கழகம் படிப்பற்றவர்களின் கூத்து என்று ஒதுக்கியதைப் பல்கலைக்கழகத்திலிருந்தே ஒருவர் பதிப்பித்தது சிறு காரியமன்று. எனினும் அச்சிட முடிந்தது சொல்லைத்தான். தரு, விருத்தம், கொச்சகம் என்று தலைப்பிட்டிருக்கும். அதை எடுக்கும் இராகம் அண்ணாவியாரின் தொண்டையில் இருந்தது.

அந்தத் தொண்டைகள் பின்னர் பட்டபாடு பெரிது. 1990-இல் யுத்தம் மூண்டு புகையிரதம் நின்றது. அவ்வாண்டு அக்டோபரில் மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்கள், தலைமுறைகளாக அடுத்த வேலிக்காரராயிருந்தவர்கள், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். மடு வளாகம் அகதி முகாமாயிற்று. 1999 நவம்பர் 20-இல் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்தோர் மீது எறிகணை வீழ்ந்து குழந்தைகள் உட்படப் பலர் மாண்டனர். 2008 ஏப்ரலில் சுரூபமே மீண்டும் இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போக வேண்டியதாயிற்று. 1670-இல் நடந்த நடை இன்னொரு முறை. 2013-இல் மடு வீதிக்குப் புகையிரதம் திரும்பிவந்தது. கூட்டமும் முன்னிலும் பெருகி வந்தது. ஏட்டுக் கொப்பிகள் திரும்பி வரவில்லை. பாலை மரத்தடி முதியவரின் தகப்பனார் அண்ணாவியாராம். இடம்பெயர்ந்த ஓட்டத்தில் அவருடைய கொப்பிகள் இருந்த பெட்டியை விட்டு அரிசிச் சாக்கைத் தூக்கினார்களாம். "பிள்ளையள் பசியில நிக்கேக்க வேற என்ன செய்யிறது?" என்று கேட்டார். எமக்கு விடை தெரியவில்லை.

முகாமில் இருந்த காலத்தில் இரவில் விளக்கின்றித் தாழ்ந்த குரலில் இப்படிப் பாடிப் பழகியதாக அவருடைய மகள் சொன்னார். அடுத்த கூடாரத்துக்குத் தொந்தரவாகக் கூடாதே என்பதால் குரல் இறங்கிற்றாம். யுத்தம் முடிந்த பின்னும் அது ஏறவில்லை. இப்போது நினைவிலிருந்து அவர் பாடப் பாட, பன்னிரண்டு வயதுப் பேத்தி பாடசாலை அப்பியாசக் கொப்பியில் எழுதிக்கொள்கிறாள். மறந்த அடிகளுக்கு இடம் விட்டு எழுதுகிறாள். சில பக்கங்களில் இடமே அதிகம்.

அச்சான மூவிராசாக்கள் நாடகத்தின் பிரதி நூலகத்தில் இருக்கிறது, அதைப் பார்த்து இடைவெளியை நிரப்பலாம் என்று நாம் சொன்னோம். முதியவர் சற்று யோசித்து, "அதில இருக்கிறது எங்கட ஊர்ப் பாடமோ தெரியாது" என்றார். பின்னர், பார்த்தாற் குற்றமில்லை, ஒரு பிரதி அனுப்புங்கோ என்றும் சொன்னார்.

நள்ளிரவாகியும் பாட்டு நடந்துகொண்டிருந்தது. மூன்று அரசரும் விண்மீனைத் தொடர்ந்து வரும் கட்டத்தில் கோயில் ஒலிபெருக்கி திடீரென்று முழங்கிற்று. ஐந்து வயதுப் பையன் ஒருவன், சிவப்புச் சட்டை, நீர்கொழும்பு, பெற்றோர் உடனே அலுவலகத்துக்கு வரவும். வட்டத்திலிருந்த பெண்கள் பாயில் உறங்கிய தம் பிள்ளைகளை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டார்கள். அறிவிப்பு சிங்களத்தில் மறுபடி ஒலித்து முடியும் வரை முதியவர் தாளத்தை மடியில் வைத்துக் காத்திருந்தார். பிறகு, "எதில விட்டனாங்கள்?" என்று கேட்டார். பேத்தி கொப்பியைப் பார்த்து அடியை எடுத்துக் கொடுத்தாள்.