கூட்டுப் படையும் கூட்டுப் பொறுப்பும்

தாவீது அரசர் தம் படைவீரரைக் கணக்கெடுக்கச் சொன்னதையும், எண்ணி முடித்தபின் அவருடைய மனச்சான்று அவரை வாட்டியதையும் சாமுவேலின் இரண்டாம் நூல் கூறுகிறது. வீரரை எண்ணுவதில் என்ன தவறு என்று நாம் வியப்பதுண்டு. நம் காலத்திலும் அத்தகைய ஒரு கணக்கெடுப்பு ஈராக்கில் நடந்தது. அங்கு எண்ணப்பட்டவை நாடுகள்.

2003 மார்ச் 20 அன்று தொடங்கிய போரில் அமெரிக்காவும் பிரிட்டனும் பெரும்படைகளுடனும், ஆஸ்திரேலியாவும் போலந்தும் சிறு பிரிவுகளுடனும் இறங்கின. ஏப்ரல் 9 அன்று பாக்தாத் வீழ்ந்தது. ஆனால் அந்தப் போருக்கு ஐ.நா. பாதுகாப்பு அவையின் வெளிப்படையான ஒப்புதல் கிடைத்திருக்கவில்லை. ஒப்புதல் இல்லாத குறையை உடன் நிற்கும் நாடுகளின் எண்ணிக்கையால் நிரப்ப வேண்டியிருந்தது. காலப்போக்கில் ஏறத்தாழ நாற்பது நாடுகள் படை அனுப்பின. முதலாண்டில் அமெரிக்க வீரர்கள் சுமார் 1,30,000 பேர் இருக்க, மற்ற எல்லா நாடுகளும் சேர்ந்து அனுப்பியவர்கள் 25,000 பேர் அளவிலேயே இருந்தனர். அவர்களிலும் மிகப்பெரிய பிரிவினர் பிரிட்டானியர். பசிபிக் தீவான டோங்கா அனுப்பியது ஏறத்தாழ ஐம்பது பேரை. சிறு நாடுகள் பலவற்றின் பயணச் செலவை அமெரிக்காவே ஏற்றுக்கொண்டது. இந்நாடுகளிடம் வேண்டப்பட்டது படைவலிமையைவிடக் கொடியே எனலாம்.

2003 செப்டம்பர் 3 அன்று ஈராக்கின் நடுத்தென் பகுதி போலந்து தலைமையிலான படைப்பிரிவிடம் ஒப்படைக்கப்பட்டது. ஸ்பெயின், உக்ரைன், பல்கேரியா, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ், எல் சால்வடோர், ஹோண்டுராஸ், டொமினிக்கன் குடியரசு என இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் வீரர்கள் அதில் இருந்தனர். அதன் தலைமையகம் பழைய பாபிலோன் நகரின் இடிபாடுகளிடையே அமைந்தது. அமெரிக்கர் தொடங்கிய அம்முகாமினால் அத்தொல்லிடத்திற்கு நேர்ந்த சேதத்தை 2005-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் பதிவு செய்தது. இன்னும் தெற்கே, ஆபிரகாமின் ஊர் நகருக்கு அருகில், நசிரியாவில் இத்தாலியர் தங்கினர்.

இந்நாடுகளுள் பல கத்தோலிக்க மக்கள் நிறைந்தவை என்பது நம் நெஞ்சைத் தைக்கும் செய்தி. ஏனெனில் அப்போரைத் தடுக்கத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் தம்மால் இயன்றதெல்லாம் செய்தார். 2003 பிப்ரவரியில் கர்தினால் எச்செகரேயைச் சதாம் உசேனிடம் அனுப்பினார். மார்ச் 5, திருநீற்றுப் புதனன்று, உலகத் திருச்சபை அமைதிக்காக நோன்பிருந்தபோது, அவருடைய தூதரான கர்தினால் பியோ லாகி அதிபர் புஷ்ஷைச் சந்தித்தார். இரண்டு பயணமும் பலன் தரவில்லை. திருத்தந்தையின் தாய்நாடான போலந்தே முதல் வரிசையில் நின்றது.

எண்ணிக்கைக்காக நின்றவர்களும் உயிர் கொடுத்தனர். 2003 நவம்பர் 12 அன்று நசிரியாவில் நடந்த குண்டுவெடிப்பில் 19 இத்தாலியரும், அவர்களுடன் ஈராக்கியரும் மாண்டனர். டிசம்பர் 27 அன்று கர்பலாவில் ஐந்து பல்கேரியரும், மருத்துவம், கட்டுமானம் ஆகிய பணிகளுக்கென வந்த படையைச் சேர்ந்த இரண்டு தாய்லாந்து வீரரும் இறந்தனர். 2004 மார்ச் 11-இல் மாட்ரிட் இரயில்களில் குண்டுகள் வெடித்தன. அடுத்து வந்த புதிய ஸ்பானிய அரசு படையைத் திரும்ப அழைத்தது. ஹோண்டுராசும் டொமினிக்கன் குடியரசும் அதைப் பின்தொடர்ந்தன. ஜூலையில், பிணையாகப் பிடிபட்ட தன் குடிமகன் ஒருவரை மீட்க, பிலிப்பைன்ஸ் விலகியது. எல் சால்வடோர் மட்டும் 2009 வரை நின்றது.

இந்தியாவிடமும் ஒரு பெரும்படை கேட்கப்பட்டது. ஐ.நா.வின் தெளிவான கட்டளை இன்றி அனுப்புவதற்கில்லை என 2003 ஜூலை 14 அன்று நம் அரசு மறுத்தது.

சென்றவர் அனைவரையும் ஒரே தராசில் நிறுத்துவது நீதியாகாது. 2003 அக்டோபர் 16 அன்று பாதுகாப்பு அவை பன்னாட்டுப் படைக்கு அனுமதி வழங்கியது. காவலரும் குடிநீரும் இன்றித் தவித்த மக்களிடையே ஒரு மருத்துவமனையைக் காத்த வீரர் நற்செயலே செய்தார். தீமையின் நோக்கத்தையே ஏற்று உடன்படுவதற்கும், நோக்கத்தை ஏற்காமல் செயலளவில் துணைநிற்பதற்கும் வேறுபாடு உண்டென நம் அறநெறி இறையியல் கற்பிக்கிறது. ஆனால் அந்த வேறுபாடு வீரருக்குப் பொருந்தும் அளவுக்கு அவரை அனுப்பிய அரசுக்குப் பொருந்துமா? தன் கொடியைக் கொடுத்த அரசு, அக்கொடி எதை நியாயப்படுத்தப் பயன்படும் என்பதை அறிந்தே கொடுத்தது. அனுப்பியவர் ஐம்பது பேரே என்பதால், கொடுத்த ஒப்புதலும் சிறியதாகிவிடாது.

2009-ஆம் ஆண்டின் இறுதியில் அப்பன்னாட்டுப் படை முறைப்படி முடிவுற்றது. அதற்கு முன்பே மற்ற நாடுகளெல்லாம் வெளியேறிவிட்டன. 2021 மார்ச் 6 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் ஊர் நகரில் நின்று, ஆபிரகாமைத் தந்தையென அழைக்கும் பல சமயத்தவரோடு இறைவேண்டல் செய்தபோது, ஈராக்கியக் கிறிஸ்தவருள் பெரும்பகுதியினர் நாட்டைவிட்டே போயிருந்தனர். பலரோடு சேர்ந்து செய்த செயலுக்கும் தனித்தே கணக்குக் கொடுக்க வேண்டும் என்பது நம் விசுவாசம். "உன்னையும் எங்களோடு சேர்த்து எண்ணிக்கொள்ளலாமா?" என்று ஒருவர் கேட்கும்போது, எதற்காக எண்ணுகிறார் என்று கேட்பது நாட்டுக்கும் கடமை, நமக்கும் கடமை.