ஓயாத கால்கள் நோய்: மாத்திரையை மாற்றும்போது தூக்கமில்லா இரவுகளைக் கடப்பது எப்படி?

இரவு படுத்ததும் கால்களுக்குள் ஏதோ ஊர்வது போல, இழுப்பது போல, குடைவது போல ஓர் உணர்வு. காலை அசைத்தே ஆக வேண்டும் என்ற தவிப்பு. எழுந்து நாலு எட்டு நடந்தால் அடங்கும். திரும்பப் படுத்தால் மறுபடி ஆரம்பிக்கும். வீட்டில் இதைக் கால் குடைச்சல் என்று சொல்லித் தைலம் தேய்த்து விடுவோம். மருத்துவர்கள் இதை ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம் என்கிறார்கள். 1672-லேயே தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதை விவரித்து எழுதியிருக்கிறார். 1945-இல் சுவீடனைச் சேர்ந்த கார்ல் ஆக்செல் ஏக்போம் இதை முறையாக ஆராய்ந்து இப்போதைய பெயரைக் கொடுத்தார்.

வெறும் கால் வலிக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. ஓய்வாக இருக்கும்போது வரும், அசைத்தால் குறையும், மாலையிலும் இரவிலும் கூடும். இந்த மூன்றும் சேர்ந்திருந்து, தசைப்பிடிப்பு, நரம்புத் தளர்ச்சி போன்ற வேறு காரணம் எதுவும் இல்லையென்றால்தான் இந்த நோய் என்று முடிவு செய்வார்கள்.

இந்த நோய்க்குப் பல ஆண்டுகளாக முதலில் எழுதிக் கொடுக்கப்பட்டவை பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் போன்ற மாத்திரைகள். மூளையில் டோபமைன் செய்யும் வேலையை இவை செய்கின்றன. பார்க்கின்சன் நோய்க்கும் இதே மருந்துகள்தாம். மாத்திரை அட்டையோடு வரும் தாளைப் படித்துவிட்டு, "வாப்பாவுக்குப் பார்க்கின்சன் வந்துவிட்டதா?" என்று பிள்ளைகள் பதறுவது இதனால்தான். அப்படி இல்லை, இரண்டும் வேறு வேறு நோய்கள்.

மாத்திரை போட்ட முதல் வாரத்திலேயே பலருக்கு அற்புதமாகக் குணம் தெரியும். சிக்கல் சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோதான் தலைகாட்டும். இரவு பத்து மணிக்கு வந்த குடைச்சல் மாலை ஆறு மணிக்கே வரும், பிறகு மதியமே வரும். காலோடு நின்றது கைக்கும் பரவும். உட்கார்ந்த சில நிமிடங்களிலேயே தொடங்கிவிடும். நோய் முற்றிவிட்டது என்று நினைத்து மருந்தின் அளவைக் கூட்டுவார்கள். கொஞ்ச நாள் நன்றாக இருக்கும். பிறகு முன்னைவிட மோசமாகும். இதை ஆக்மென்டேஷன் என்கிறார்கள். நோயை அடக்க வந்த மருந்தே நோயை வளர்த்துவிடும் நிலை இது. லெவோடோபா மாத்திரையைத் தினமும் எடுப்பவர்களுக்கு இது மிக அதிகம். அளவு கூடக் கூட அபாயமும் கூடும். இந்த நோய்க்கு அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு பிரமிபெக்ஸோலுக்கு நாளுக்கு 0.5 மி.கி., ரோபினிரோலுக்கு 4 மி.கி. உங்கள் வீட்டுச் சீட்டில் அதற்கு மேல் இருந்தால் மருத்துவரிடம் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

இன்னொரு பக்க விளைவைக் குடும்பத்தார் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். இந்த மருந்துகள் சிலரிடம் கட்டுப்படுத்த முடியாத உந்துதல்களை உண்டாக்குகின்றன. செல்போனில் பணம் வைத்து விளையாடுவது, தேவையில்லாத பொருளை வாங்கிக் குவிப்பது, நள்ளிரவில் எழுந்து சாப்பிடுவது, மிதமிஞ்சிய பாலுணர்வு ஆகியவை. வாழ்நாளெல்லாம் கட்டுப்பாடாக இருந்த மனிதர் திடீரென்று கடன் வாங்கி ரம்மி ஆடினால் அவரை ஏசுவதற்கு முன் மாத்திரைச் சீட்டைப் பாருங்கள். வெட்கத்தால் அவர் மருத்துவரிடம் சொல்ல மாட்டார். மனைவியோ பிள்ளைகளோதான் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் கணக்கில் கொண்டுதான், அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2025-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் ஆகியவற்றை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்று பரிந்துரைத்தது. காபாபென்டின், பிரீகாபலின் வகை மருந்துகளுக்கும், தேவைப்படுவோருக்குச் சிரை வழியே ஏற்றும் இரும்புச்சத்துக்கும் முதலிடம் கொடுத்தது. எனவே பழைய மருந்திலிருந்து மாற வேண்டியவர்கள் இனி அதிகமாவார்கள்.

மாறுவதற்கு முன் பார்க்க வேண்டியது இரும்புச்சத்து. ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. ஃபெரிட்டின் என்ற சோதனையும் டிரான்ஸ்ஃபெரின் நிறைவு அளவும் வேண்டும். காலையில், முந்தைய நாள் இரும்பு மாத்திரை எடுக்காமல், ரத்தம் கொடுப்பது நல்லது. ஆய்வுக்கூடச் சீட்டு ஃபெரிட்டின் 20, 30 என்பதையே சாதாரணம் என்று அச்சிட்டிருக்கும். இந்த நோயாளிகளுக்கு 75 அல்லது அதற்குக் கீழே இருந்தாலே இரும்புச்சத்து கொடுக்கச் சொல்கிறார்கள். இரும்பு மாத்திரையைத் தேநீரோடும் பாலோடும் விழுங்கினால் உடம்பில் சேர்வது குறைந்துவிடும். எலுமிச்சைச் சாறோடு எடுக்கலாம். அதே சமயம், சோதனை செய்யாமல் சொந்தமாக வாங்கிச் சாப்பிடவும் கூடாது. இரும்பு மிகுந்தாலும் ஆபத்து.

அடுத்து, வீட்டு மருந்துப் பெட்டி. சளிக்கும் அரிப்புக்கும் எடுக்கும் அவில் போன்ற தூக்கம் வரவழைக்கும் மாத்திரைகள், வாந்திக்கான மெட்டோகுளோப்ரமைடு, மனச்சோர்வு மருந்துகளில் பல, மனநோய்க்கான சில மருந்துகள் ஆகியவை கால் குடைச்சலைத் தூண்டிவிடும். சளி மாத்திரையைத் தவிர்ப்பது எளிது. மனநல மருந்தை மட்டும் எழுதிக் கொடுத்தவரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது.

இனி மாற்றம். பழையதை இன்று நிறுத்தி நாளை புதியதைத் தொடங்குவது பெரும்பாலும் துன்பத்தில்தான் முடியும். பொதுவாக, புதிய மருந்தைச் சிறிய அளவில் தொடங்கி, வேலை செய்யும் அளவுக்குக் கொண்டுவந்த பிறகு, பழையதைச் சிறு சிறு படிகளாகக் குறைப்பார்கள். காபாபென்டின் என்றால் இரவில் 300 மி.கி., 65 வயதைக் கடந்தவர்களுக்கு 100 மி.கி. என்று தொடங்குவது வழக்கம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவு இன்னும் குறையும். ஒரு படி குறைத்து, உடம்பு பழகிய பிறகே அடுத்த படி. எத்தனை வாரம் ஆகும் என்பது எவ்வளவு காலம், எவ்வளவு அளவு எடுத்தார் என்பதைப் பொறுத்தது. அவசரம் வேண்டாம்.

ஒவ்வொரு படி குறைக்கும்போதும் சில நாட்கள் குடைச்சல் கூடும். கடைசித் துண்டு மாத்திரையை விடும்போது நிலைமை உச்சத்துக்குப் போகும். சில இரவுகள் அறவே தூக்கம் இருக்காது. ஒன்றிரண்டு வாரத்தில் இந்த அலை தணிவதுதான் பெரும்பாலும் நடப்பது. புது மருந்து வேலை செய்யவில்லை என்று அந்த நாட்களில் தீர்ப்பு எழுதிவிட்டுப் பழைய மாத்திரைக்கே திரும்புகிறவர்கள் பலர். புது மருந்தின் உண்மையான பலன் பழையது முழுவதும் விலகிய பிறகே தெரியும். மிகக் கடுமையாக இருந்தால் மருத்துவர் குறுகிய காலத்துக்கு வலுவான வேறு மருந்து தரக்கூடும். ஓபியாய்டு வகையைச் சேர்ந்தவை அவை. அவருடைய நேரடிக் கண்காணிப்பில் மட்டுமே எடுக்க வேண்டும்.

சிலருக்குக் காலோடு மனமும் பாதிக்கப்படும். பதற்றம், திடீர் பயம், வியர்வை, சோர்வு, அழுகை, பழைய மாத்திரை மீது ஏக்கம். இது வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கலாம். வாழவே பிடிக்கவில்லை என்பது போன்ற பேச்சு வந்தால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

அந்த இரவுகளில் படுக்கையில் கிடந்து போராடுவதில் பயனில்லை. எழுந்து நடப்பது, கெண்டைக்காலை நீட்டி மடக்குவது, வெந்நீர் ஊற்றிக்கொள்வது, அழுத்திப் பிடித்துவிடுவது எல்லாம் ஓரளவு உதவும். மனம் ஒன்றிச் செய்யும் வேலையும் உதவும்: குறுக்கெழுத்து, கணக்கு, தையல். மாலைக்குப் பிறகு காபி, தேநீர் வேண்டாம். அந்தப் பத்து நாட்களுக்கு வேலையிலிருந்து விடுப்பு எடுக்க முடிந்தால் நல்லது. தூக்கமின்மையும் புது மருந்தின் மயக்கமும் சேர்ந்திருக்கும்போது வண்டி ஓட்டவே கூடாது. வீட்டில் முதியவர் என்றால் இரவில் தடுமாறி விழாமல் இருக்கக் கழிப்பறை விளக்கு எரியட்டும்.

ரமலானில் இந்த மாற்றத்தைத் தொடங்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. தூக்க நேரமே மாறியிருக்கும் மாதம் அது. இரவு ஒரு வேளை மட்டும் மருந்து எடுப்பவர்களுக்கு நோன்பு பொதுவாகத் தடையாவதில்லை. பகலிலும் மாத்திரை தேவைப்படும் நிலைக்குப் போனவர்கள் மருத்துவரிடமும் ஆலிமிடமும் முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. இஃப்தாருக்குப் பிறகு நெஞ்செரிச்சலுக்கு ஆன்டாசிட் குடிப்பவர்கள் அதற்கும் காபாபென்டினுக்கும் இரண்டு மணி நேர இடைவெளி விட வேண்டும். தராவீஹில் நிற்கும்போது வராத தொல்லை பயானுக்கு உட்காரும்போது வரும். பின்வரிசை ஓரத்தில் இடம் பிடித்தால் எழுந்து நடக்க வசதியாக இருக்கும்.

வளைகுடாவில் இருப்பவர்களுக்கு ஒரு முக்கிய விஷயம். பிரீகாபலின், தூக்கத்துக்காகச் சிலருக்குத் தரப்படும் குளோனசெபம், ஓபியாய்டு மாத்திரைகள் ஆகியவை அமீரகம், சவூதி போன்ற நாடுகளில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. ஊரிலிருந்து வரும் ஒருவரிடம் இரண்டு அட்டை கொடுத்தனுப்பச் சொல்வது அவரைச் சிறையில் தள்ளிவிடலாம். சொந்த உபயோகத்துக்குக் கொண்டு போவதானாலும் மருத்துவர் சீட்டோடு, அந்நாட்டுச் சுகாதாரத் துறையின் முன் அனுமதியும் பெற்ற பிறகே விமானம் ஏற வேண்டும்.

கர்ப்பிணிகளுக்குக் கடைசி மூன்று மாதங்களில் இந்தத் தொல்லை வருவது சாதாரணம். பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் தானே போய்விடும். அவர்களுக்கு இந்த மாத்திரைகளைவிட ஃபெரிட்டின் சோதனைதான் முதலில் தேவை.