பின் சுவர் இலந்தையும் ஊர் மந்தையும்

நம் வளாகத்தில் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால், சுவரை ஒட்டி நிற்கும் இலந்தை மரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களும் அதன் முள்ளை மிதித்திருப்பீர்கள். அதை வெட்டிவிட்டு நான்கு கார்களுக்கு இடம் ஒதுக்கலாமா என்று அடுத்த பொதுக்குழுவில் பேச இருக்கிறோம். கை தூக்குவதற்கு முன் அந்த மரத்தின் பழங்கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

சங்கப் பாடல்களில் இதன் பெயர் இரத்தி. புறநானூற்றின் 34-ஆம் பாட்டில், சோழன் கிள்ளிவளவனைப் பாடிய ஆலத்தூர் கிழார், இரத்தி ஓங்கி நிற்கும் மன்றத்தில் பாணர்கள் சுற்றத்தோடு உண்டு மகிழ்வதைச் சொல்கிறார். வரகுச் சோறு, பால், தேன், முயல் கறி என்று நல்ல விருந்துதான். மன்றம் என்றால் ஊரார் கூடும் பொது இடம். அங்கே நிற்கும் மரம் தனியொருவருடையது அல்ல.

பக்கத்து ஊர் ஸ்ரீவில்லிபுத்தூரில் பூந்தோட்டம் வைத்து மாலை கட்டிய பெரியாழ்வார் பாடிய தலங்களில் வதரியும் உண்டு. அதுதான் இன்றைய பத்ரிநாத். வடமொழியில் 'பதரி' என்றால் இலந்தை. நாம் முள் குத்தியதற்குத் திட்டும் மரத்தின் பெயரில் இமயமலையில் ஒரு திவ்ய தேசமே இருக்கிறது!

வெள்ளைக்காரர் காலத்து நிலக் கணக்கில் மந்தை, கண்மாய்க்கரை, மேய்ச்சல் நிலம் எல்லாம் புறம்போக்கு ஆயின. அங்கே நின்ற பனைக்கும் புளிக்கும் மகசூலை அனுபவிக்க '2-சி பட்டா' என்று ஒன்று உண்டு. கிராமக் கணக்கில் மரத்துக்குத் தனிப் பதிவேடு. இலந்தைக்கு யாரும் பட்டா கேட்டதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. ஆடு மேய்க்கிறவர்களும், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளும், விறகு பொறுக்கப் போன பெண்களும்தான் அதன் பங்குதாரர்கள். என் அம்மா முடங்கியார் சாலைப் பக்கம் தை, மாசியில் மடி நிறையப் பொறுக்கி வருவாள். மரத்தடியில் உதிர்ந்ததுதான் எடுக்க வேண்டும், கல் எறியக்கூடாது என்பது அவள் சட்டம். காய் கலந்தால் வடை துவர்த்துவிடும்.

ஆமாம், இலந்தை வடை. எண்ணெயில் போடாத வடை. பழத்தைக் கழுவி ஒரு நாள் வெயிலில் வாட்டி, வத்தல், உப்பு, கொஞ்சம் புளி, வெல்லம், பெருங்காயம் சேர்த்து உரலில் இடிப்பார்கள். கொட்டை உடைந்தும் உடையாமலும் இருக்கும். உள்ளங்கை அகலத்துக்குத் தட்டி, மாசி, பங்குனி வெயிலில் மொட்டை மாடியில் துணி விரித்துக் காயவைத்தால் ஆண்டு முழுக்கக் கெடாது. அமெரிக்காவில் காட்டுப் பெர்ரிகளைப் பறித்து, மேலே மாவு போட்டு அடுப்பில் சுடும் பண்டத்துக்கு 'காப்ளர்' என்று பெயராம். அவர்களுக்கு அடுப்பு, நமக்கு பங்குனி வெயில். வெயிலுக்குத்தான் இங்கே பஞ்சமில்லையே.

பிறகு ஊர் மாறியது. 1936-இல் ராஜபாளையம் மில்ஸ் வந்தது. அடுத்தடுத்து ஆலைகள், தெருக்கள், மனைகள். தரிசுகளைச் சீமைக் கருவேலம் பிடித்துக்கொண்டது. மேற்கே மலையடிவாரக் காடு, நரை அணில்களுக்காக 1988-இல் சரணாலயமானது. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமும் ஆனது. அது நல்லதுதான், ஆனால் நினைத்தபடி செண்பகத்தோப்புக்குள் பழம் பொறுக்கப் போக முடியாது. 1968-இல் 'பணமா பாசமா' படத்தில் எல்.ஆர். ஈஸ்வரி கூவிப் பாடிய எலந்தப்பழம் இப்போது தள்ளுவண்டியில் ஒட்டுரகமாக, ஆப்பிள் மாதிரிப் பெரிதாக வருகிறது. வடைக்கு அது ஆகாது; சதை நீர்த்துப் போகும். பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இலந்தை வடை பெட்டிக்கடையில் பாக்கெட்டாகத் தொங்குகிறது.

நம் மரத்தில் காய்ப்பது நாட்டு இலந்தை. சென்ற மாசியில் இரண்டு படி பொறுக்கினேன். பி பிளாக் பிள்ளைகள் ஆறேழு பேர் கூட வந்தார்கள். ஒருவருக்கும் அதைத் தின்னலாம் என்று தெரிந்திருக்கவில்லை.

எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். முள்ளால் இரண்டு ஸ்கூட்டர் டயர்கள் பஞ்சர் ஆகியிருக்கின்றன. விழுந்த பழத்துக்கு எறும்பு வருகிறது. எனக்கே கார் நிறுத்த இடம் இல்லை, தெருவில்தான் நிறுத்துகிறேன். நான் கேட்பது, சாலைப் பக்கக் கிளைகளை மட்டும் கழித்துவிட்டு, தை முதல் பங்குனி வரை வாரம் ஒரு முறை அடியில் கூட்ட ஏற்பாடு செய்யலாமா என்பதுதான். கூட்டும் முறையில் முதல் மாதம் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். என்னிடம் ஒரு டப்பா வடை மிச்சம் இருக்கிறது. பொதுக்குழுவுக்குக் கொண்டு வருகிறேன். கொட்டையைத் துப்ப ஒரு காகிதம் மட்டும் நீங்கள் எடுத்து வாருங்கள்.