இடுகாடுகள் பூங்காவான வரலாறு

ஒரு நகரின் பெருமையை அதன் பெரிய பூங்காக்களைக் கொண்டு அளப்பது உலக வழக்கம். ஆயின், ஏழைக்கு வேண்டிய அளவுகோல் வேறு. தன் வீட்டு வாயிலிலிருந்து பூங்கா எத்துணைத் தொலைவில் உள்ளது என்பதே அவனுடைய கேள்வி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலண்டன் மாநகர் இக்கேள்விக்கு விடை தேடிற்று.

ஹைட் பார்க் போன்ற பரந்த பூங்காக்கள் அந்நகரில் முன்னரே இருந்தன. 1845இல் கிழக்குப் பகுதியில் விக்டோரியா பூங்காவும் திறக்கப்பட்டது. எனினும், நெருங்கிய சந்துகளில் ஒற்றை அறையில் வாழ்ந்த தாயொருத்தி கைக்குழந்தையுடன் அத்துணைத் தூரம் நடப்பது எளிதன்று. அச்சந்துகளின் நடுவே எஞ்சியிருந்த வெற்றிடங்கள் பெரும்பாலும் பழைய இடுகாடுகளே. பிணங்கள் மிகுந்து சுகாதாரம் கெட்டமையால், 1852ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து அவற்றில் அடக்கஞ் செய்வது நிறுத்தப்பட்டது. பூட்டிய கதவுகளின் பின்னே அவற்றுட் பல பாழாய்க் கிடந்தன.

ஏழைகளின் குடியிருப்புகளைச் சீர்செய்து வந்த ஒக்டேவியா ஹில் அம்மையார் இவற்றைப் புதிய கண்கொண்டு நோக்கினார். வீட்டிற் கூடமில்லாதார்க்குத் திறந்த வெளியே கூடமாதல் வேண்டும் என்பது அவர் கருத்து. 1877இல் துரூரி லேன் இடுகாடு தோட்டமாயிற்று. 1880இல் திறக்கப்பட்ட மற்றொரு தோட்டத்தில், அருகிருந்த தலைமை அஞ்சலகத்தின் ஊழியர்கள் நண்பகலில் வந்து இளைப்பாறினர். அதனால் அது 'தபாற்காரர் பூங்கா' என்று பெயர் பெற்றது. அப்பெயர் இன்றும் வழங்குகின்றது. 1887இல் சதக் பகுதியில், பாழான கடதாசித் தொழிற்சாலை நின்ற நிலத்தில், ஹில் அம்மையார் ரெட் குரொஸ் தோட்டத்தை அமைத்தார்.

ஆயினும், நிலத்தின் விலை ஏற ஏற, வெற்றிடங்களின் மேல் வீடுகட்டுவோர் கண்ணும் விழுந்தது. நல்லெண்ணம் மட்டும் அவற்றைக் காத்திராது. கைவிடப்பட்ட இடுகாடுகளில், வழிபாட்டிடங்களை விரிவாக்குதல் போன்றவற்றுக்கன்றி, கட்டடம் எழுப்பலாகாது என 1884இல் பாராளுமன்றம் சட்டம் இயற்றிற்று. சட்டம் வந்த பின்னும் காவல் வேண்டியிருந்தது. இசபெலா ஹோம்ஸ் என்னும் அம்மையார் பழைய வரைபடங்களைத் துணைக்கொண்டு தெருத்தெருவாக நடந்து, மறைந்துபோன இடுகாடுகளைத் தேடிக் கண்டார். கண்டவற்றை 1896இல் நூலாக வெளியிட்டார்.

அத்தோட்டங்களிற் பல இன்றும் உள்ளன. மரநிழலும் சில இருக்கைகளுமே அவற்றின் செல்வம். ஒரு முறை கட்டடம் எழுந்துவிட்டால் சிறு நிலம் மீள்வதில்லை என்பதை உரிய காலத்தில் உணர்ந்தவர்களாலேயே அச்செல்வம் பிழைத்தது.