ஆடியின் எடையும் அளவும்

விண்வெளித் தொலைநோக்கியின் ஆடி என்றாலே எல்லாரும் எடையைத்தான் பேசுகிறார்கள். பேச நியாயமும் இருக்கிறது. ஜவ்வாது மலைக் காவலூரில் 1986இல் தொடங்கிவைக்கப்பட்ட வைணு பாப்பு தொலைநோக்கியின் 2.34 மீட்டர் ஆடி ஏறத்தாழ மூன்றரை டன். 1990இல் ஏவப்பட்ட ஹப்பிளின் 2.4 மீட்டர் ஆடியோ 828 கிலோதான். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே தேனடைபோல் மெல்லிய சுவர்களை நிறுத்தி, மிச்ச இடத்தைக் காலியாக விட்டதால் வந்த குறைவு அது. ஆனால் ஹப்பிள் முதலில் கலங்கலாகப் பார்த்ததற்கு இந்த மெலிவு காரணமல்ல. தேய்க்கும்போது வடிவத்தைச் சரிபார்த்த கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளி அமர்ந்திருந்தது. அந்தத் தப்பான அளவுக்கு ஆடியை மிகச் சரியாகத் தேய்த்தார்கள், ஓரம் 2.2 மைக்ரான் தாழ்ந்துபோனது. எடையைக் குறைப்பதைவிட, குறைத்ததை அளப்பதே பெரிய வித்தை என்று நான் சொல்வது இதனால்தான். மெலிந்த ஆடி பூமியில் தன் பாரத்திலேயே தொய்யும். விண்ணில் அந்தத் தொய்வு இராது. அங்கே எப்படி நிற்கும் என்பதை இங்கேயே கணிக்க வேண்டும். வெப் தொலைநோக்கியின் 18 பெரிலியம் ஆடிகளும் ஒவ்வொன்றும் 20 கிலோ அளவுதான். அவற்றைக் கடுங்குளிரில் வைத்து அளந்து, குளிரில் வரும் கோணலுக்கு ஈடாகச் சாதாரண வெப்பத்தில் மறுபடி தேய்த்தார்கள்.

இந்த வித்தைக்குத் தமிழ்நாட்டில் ஒரு பழைய பட்டறை உண்டு. அது காவலூர்தான். 1968இல் அங்கே பணி தொடங்கியது 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றோடு. வானியலாளர் வைணு பாப்புவின் குழுவே செய்துகொண்டது அது. பெரிய ஆடியையும் பெங்களூரில் ஏ.பி. ஜெயராஜன் தலைமையில் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தாரே தேய்த்தார்கள். கண்ணாடி வட்டை ஜெர்மனியின் ஷாட் கம்பெனியிலிருந்து வந்ததுதானே என்பார்கள். வந்ததுதான். வெப்பத்துக்கு விரியாத குணத்தை ஷாட் தந்தது. ஒளியைக் குவிக்கும் வளைவை அது தரவில்லை.

2015 செப்டம்பர் 28இல் விண்ணுக்குச் சென்ற இந்தியாவின் அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் புறஊதாத் தொலைநோக்கிகள் இரண்டும் ஏறக்குறைய காவலூரின் அந்த முதல் ஆடி அளவே, 37.5 சென்டிமீட்டர். இவற்றின் ஆடிகளைத் தேய்த்தது இஸ்ரோவின் லியோஸ் ஆய்வகம்; பிறகு காவலூர்ப் பரம்பரை என்று எப்படிச் சொல்வது? கைகள் வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கருவியைப் பூட்டிச் சோதித்தது அதே வான் இயற்பியல் நிறுவனத்தின் ஹொசக்கோட்டை வளாகத்தில்தான். அந்தச் சோதனை எளிதல்ல, ஏனெனில் புறஊதாவின் அலைநீளம் குட்டை. மேற்பரப்பின் சிறு சொரசொரப்பே ஒளியைச் சிதறடிக்கும். கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் அதை விழுங்கிவிடும். அமெரிக்காவின் புறஊதா விண்தொலைநோக்கியான கேலக்ஸ் 50 சென்டிமீட்டர் ஆடியோடு சுமார் 5 விகலை நுட்பம் வரை பார்த்தது. அஸ்ட்ரோசாட் அதைவிடச் சிறிய ஆடியோடு 1.5 விகலை அளவுக்கு இறங்கியது. கேலக்ஸ் வானத்தை அகலமாகப் பார்க்கவென்றே கட்டப்பட்டது என்பதால் முழுப் பெருமையையும் ஆடிக்கே கொடுத்துவிட முடியாது.